சுடாத தார்ச்சடக்கு

உறுமி மேளம்தான் முதலில் காதில் விழுந்தது. நானும் அண்ணனும் கோலக்கெட்டிலைத் தாண்டி, சுங்கைப்பட்டாணி போகும் சடக்கில் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. வெயில் ஏறத் தொடங்கிவிட்ட நேரம்.

"யாரோ சாமி தூக்குறாங்க போல," என்றார் அண்ணன். ஓரமாக ஒதுங்கி வழிவிடக்கூடத் தயாராகிவிட்டார்.

திருப்பத்தைத் தாண்டினால் சாமி எதுவும் இல்லை. மேளம் எங்களுக்காகத்தான்.

ஒரு தோட்டத்தின் நுழைவாயிலில் வாழைமரம் கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். நீளமான மேசையில் சிவப்புச் சிராப் தண்ணீர் வாளி வாளியாக இருந்தது. ஆரத்தித் தட்டோடு நான்கைந்து அக்காமார்கள். நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிய கோயில் தலைவர். கையில் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற அளவுக்கு ஒரு மாலை.

"வாங்க தம்பி, வாங்க! எங்க தோட்டத்துக்கே பெருமைங்க!"

அண்ணனுக்குக் கூச்சம். லோரி ஓட்டிப் பழகிய மனிதர். மேளம் கேட்டால் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போவாரே தவிர, மேளத்துக்கு நடுவில் நின்றதில்லை. "தலைவரே, இது வேண்டுதல் இல்லைங்க. சும்மா உடம்புக்கு நடக்குறோம். அப்படியே ஒரு வேன் வாங்க காசு சேக்குறோம்," என்றார்.

"நோயாளிங்களுக்கு வேன் வாங்க நடக்குறீங்க. இத விட என்னங்க வேண்டுதல் வேணும்?"

மாலை விழுந்தது. அடுத்த நொடியில் தலைவர் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்து, அண்ணனின் வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டிவிட்டார். நான் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் அவ்வளவு அழகாக விழுந்தது.

கூட்டத்திலிருந்து ஓர் அக்கா குரல் கொடுத்தார்: "காப்புக் கட்டியாச்சு, சாமி இன்னும் சப்பாத்தோட நிக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

கியர் இல்லாத கை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் குணா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் பிறந்தபோது அவர் எல்லாரிடமும் 'பாப்பா பொறந்திருக்கு' என்று சொல்லித் திரிந்தாராம். பட்டம் வாங்கி வந்த பிறகும் நான் பாப்பாதான்.

அண்ணனுக்கு லோரிதான் உலகம். செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கும் ஆலைக்குமாக ஓடுவார். பாலிங் பக்கம் எந்த வளைவில் எருமை படுத்திருக்கும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். ஓடுகிற வேகத்தில் சாப்பாடு எங்கே? இனிப்புத் தே, கையில் ஒரு கறிபாப், மதியம் பாக்கெட் சோறு. அப்படியே வருடங்கள் போயின. ஒரு நாள், கனரக லைசென்ஸைப் புதுப்பிக்க உடல் பரிசோதனைக்குப் போனார். இனிப்பு நீர் எக்கச்சக்கம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள்.

லோரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அண்ணன் சாப்பிடவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை விரித்து விரித்து மூடினார்.

"கியர் இல்லாம கை என்னமோ மாதிரி இருக்கு, பாப்பா."

அண்ணி புஷ்பா உள்ளேயிருந்து, "சப்பாத்திக்கட்டை இருக்கு. பிடிச்சுக்கோங்க. மாவும் தேய்ச்ச மாதிரி ஆச்சு," என்றார். அண்ணிக்கு அழுகை வரும்போது வாய் இப்படித்தான் பேசும்.

அந்தச் சமயத்தில்தான் நான் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு சுங்கை லாலாங்குக்குத் திரும்பியிருந்தேன் (அந்தக் கூத்தைச் சில வாரங்களுக்கு முன் எழுதினேன்). என்னிடம் நேரம் இருந்தது. எண்ணங்கள் அதைவிட அதிகம் இருந்தன. எனக்கு ஒன்று தோன்றினால் ஒரு தட்டு இட்லி வேகும் வரைகூடப் பொறுக்காது. "அண்ணே, நாளைக்குக் காலையில நடக்கப் போறோம்," என்றேன்.

நடந்தோம். பனிமூட்டத்தில் செம்பனை ஓலைகளிலிருந்து தண்ணீர் கழுத்தில் சொட்டும். தோட்டத்து நாய்கள் முதல் வாரம் துரத்தின. இரண்டாவது வாரம் குரைத்தன. அப்புறம் கூடவே வந்தன. திரும்பும் வழியில் பாய் கடையில் அண்ணன் சர்க்கரை இல்லாத 'கோசோங்' தே, அதாவது வெறுந்தே, கேட்பார்.

"பாய், தே ஓ கோசோங்."

"என்ன தம்பி, லோரியும் கோசோங், தேயும் கோசோங்கா?"

"வயிறு மட்டும் இன்னும் ஃபுல் லோடு லா, பாய். அதுக்குத்தான் நடக்குறேன்."

வயிறும் இறங்கியது. இடுப்புவாருக்கு ஆணியால் புதிய ஓட்டை போட்டோம். இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது கிளினிக்கில் ஆச்சரியப்பட்டார்கள். இப்படியே வைத்திருந்தால் அடுத்த முறை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

அண்ணன் அப்போதே ஜெயித்துவிட்டார். யாரும் பார்க்காத காலை நேரத்தில், நாய்கள் துணையோடு, தோட்டத்து மண்ணில் ஜெயித்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

ஸ்டியரிங் எனக்கு

விடவில்லை. ஜெயித்ததை ஊர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அண்ணனுக்கும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் தாமான் குடியிருப்பிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சுங்கைப்பட்டாணிக்குப் போய்வருகிறவர்கள் பலர். வாரத்தில் மூன்று நாள் போக வேண்டும். ஓட்டிப்போகக் காடி இருக்கிற மகனுக்கு அன்று வேலை இருக்கும். வாடகைக் காடிக்குக் கொடுத்துக் கட்டாது. திரும்பி வரும்போது பேருந்துக்கு நிற்கவும் தெம்பு இருக்காது. அவர்களுக்கு ஒரு வேன் வாங்க வேண்டும் என்று கோயில் செயற்குழு பேசிக்கொண்டே இருந்தது. நம்மிடம் பேச்சுக்கா பஞ்சம்?

"பாலிங்கிலிருந்து சுங்கை லாலாங் வரைக்கும் நடப்போம், அண்ணே. மூணு நாள். நீங்க லோரியில ஓடின அதே சடக்கு. வேனுக்கு நிதி சேத்துடலாம்."

அண்ணன் யோசிக்கவே இல்லை. "வேன் வந்தா ஸ்டியரிங் எனக்கு. அதச் சொல்லிட்டு ஆரம்பி."

செயற்குழுவிலும் அதைச் சொன்னேன். லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் வேனை அண்ணன்தான் ஓட்டுவார் என்று எல்லாரும் கை தட்டி ஒத்துக்கொண்டார்கள். அன்று முதல் அவர் நடந்தது அந்த இருக்கைக்குத்தான். பாலிங்கும் தெரியாது, சுங்கை லாலாங்கும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங் மட்டும் தெரிந்தது.

நமக்குத் தெரிந்த ஒரே நடை

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வெள்ளைக்காரன் நடந்தால் உடற்பயிற்சி. மலாய்க்காரர் நடந்தால் ஏதோ போட்டி. தமிழன் சடக்கோரமாக நீண்ட தூரம் நடந்தால் அது முருகனைப் பார்க்கத்தான் இருக்க வேண்டும். வேறு நடை நமக்குத் தெரியாது.

நான் வாட்சப் புலனத்தில் அனுப்பிய தகவல் சாதாரணமாகத்தான் இருந்தது. அண்ணன் படம், வேன் படம், வழித்தடம். கைமாறிப் போகப் போக யாரோ அதில் முருகனின் வேலைச் சேர்த்தார்கள். இன்னொருவர் மயிலைச் சேர்த்தார். பாடாங் செராயில் இருக்கும் என் தோழிக்கு அது போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை எனக்கே திருப்பி அனுப்பி, "யாருடி இந்தச் சாமி, உங்க அண்ணன் சாடையில?" என்று கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. பாலிங்கிலிருந்து கூப்பாங் வருவதற்குள் சடக்கோரம் தண்ணீர்ப் பந்தல்கள். தைப்பூசத்துக்குப் போடுவது போலவே கூடாரம், மேசை, ஒலிபெருக்கி. ஒரு தோட்டம் சிராப் கொடுத்தால் அடுத்த தோட்டம் சும்மா இருக்குமா? மோர், பானகம், சர்க்கரைப் பொங்கல்.

"எனக்குக் கோசோங் தண்ணி போதும்க்கா."

"சாமிக்குக் கோசோங் தண்ணியா குடுப்பாங்க? குடிங்கண்ணே, ஒரு வாய்!"

இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள். வெயிலில் காலையிலிருந்து நமக்காக நிற்கிறார்கள். எப்படி மறுப்பது? அண்ணன் உதட்டில் வைத்துவிட்டு என்னிடம் நீட்டுவார். நான் மீதியைக் குடிப்பேன். மூன்று நாளில் அண்ணன் எவ்வளவு இளைத்தாரோ தெரியாது, நான் நன்றாகச் சதை போட்டேன்.

"சுடவே இல்ல, பாப்பா"

மாலையும் காப்புமாக அந்தத் தோட்டத்தை விட்டுக் கிளம்பினோம். சப்பாத்து என் கையில். பாதித் தோட்டமும் கூடவே நடந்து வந்தது. கொஞ்ச தூரம் வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"அண்ணே, போதும். சப்பாத்தப் போடுங்க."

"காப்போட எப்படி பாப்பா? நாலு பேரு பாக்குறாங்க."

"சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காது லா. இவங்க மனசு கஷ்டப்படும்."

உச்சி வெயில். தார் பளபளவென்று உருகி, தூரத்தில் தண்ணீர் நிற்பதுபோல மினுங்கியது. தார் வாடை மூக்கில் ஏறியது. கூட வந்த பெண்கள், செருப்புப் போட்டவர்களே, புல்தரைப் பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். அண்ணன் மட்டும் நடுவில், ஒரே சீராக, லோரியை மூன்றாவது கியரில் ஓட்டுவதுபோல நடந்தார்.

"சுடலையா அண்ணே?"

நின்றார். தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வியப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சுடவே இல்ல, பாப்பா. சத்தியமா. பாய்ல நடக்குற மாதிரி இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. "முருகா!" என்று ஒரு குரல். "அவரு தாங்குறாரு, பாத்தியா!" என்று இன்னொன்று. அந்த அக்கா, சப்பாத்தைக் கழற்றச் சொன்னாரே அவர், கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டார். உறுமி இன்னும் வேகமாக முழங்கியது.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நானும் நடப்பேன் என்று சப்பாத்தைக் கழற்றி வீசிவிட்டுத் தாரில் கால் வைத்தேன். அடுப்பில் வைத்தது போல் இருந்தது. அலறிக்கொண்டு புல்லுக்குத் தாவினேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"டிகிரி படிச்ச காலு தங்கச்சி, சுடத்தான் செய்யும்!"

"அண்ணனுக்கு இருக்கிற பக்தி உனக்குப் பத்தாது லா!"

அண்ணன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைத் தேய்த்துவிட்டேன். எவ்வளவு சிவந்திருந்தது!

அந்தச் சடக்கு சுட்டது. என் கால் அதைச் சொன்னது. அங்கே செருப்போடு நடந்தவர்கள், புல்லில் ஒதுங்கியவர்கள், எல்லாருக்கும் அது தெரியும். ஒரே சடக்கு ஒருவருக்கு மட்டும் சுடாமல் போனால் ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. அது அவ்வளவு அழகான பதில்.

அண்ணன் 'சுடவே இல்ல' என்று சொல்வதைக் காணொளியாக எடுத்து முகநூலில் போட்டேன். நிதி மளமளவென்று சேர்ந்தது. இன்றும் யாராவது அதன் கீழே கைகூப்புகிறார்கள். அழித்துவிடவா என்று பின்னொரு நாள் அண்ணனிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் பாப்பா. அதுல நான் சந்தோஷமா இருக்கேன்."

மஞ்சள் தண்ணீர்

அன்று மாலை சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில் தங்கினோம். அண்ணி வந்திருந்தார். சில பெண்கள் தாம்பாளத்தை வைத்து, அண்ணனை உட்காரச் சொல்லி, மஞ்சள் தண்ணீரால் அவர் காலைக் கழுவினார்கள். அண்ணன் நெளிந்தார். "வேணாங்கம்மா, நான் லோரிக்காரன்ங்க," என்றார். யார் கேட்டார்கள்? கழுவி, சந்தனத்தைக் குழைத்து உள்ளங்காலில் பூசினார்கள்.

"என்னமோ கொப்புளமா இருக்கே," என்றார் ஒருவர்.

"நடந்த காலு. காஞ்சிரும்," என்றார் மற்றவர்.

அதற்குமேல் மஞ்சளும் சந்தனமும் மூடிவிட்டன. அண்ணி கேட்டபோது, "வலிக்கவே இல்ல புஷ்பா," என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு வலிக்கவில்லை.

மறுநாளும் வெறுங்காலோடுதான் நடந்து சுங்கை லாலாங் வந்து சேர்ந்தார். பட்டாசு, மாலை, ஒலிபெருக்கி. அவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கை வாய்க்கு மிகப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி. அடுத்தது லைசென்ஸ். அப்புறம் வேன். நான் ஓட்டுறேன், நீங்க ஏறுங்க," என்றார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

சில நாள் கழித்து வீட்டில் ஒரு வாடை. அண்ணி எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரிக்கு அடியில் தேடினார். கட்டிலை நகர்த்தினார். அரிசி டின்னைத் தூக்கிப் பார்த்தார். நானும் கூடத் தேடினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மூலையில பாருங்க, அங்கதான் வருது," என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூலையைப் பெருக்க அவர் காலருகே குனிந்த அண்ணி, நிமிரவில்லை.

மருத்துவமனையில் வலது காலின் அழுகிய பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர் பார்க்க வந்தார். கையில் ஹார்லிக்ஸ். அது இனிப்பாயிற்றே என்று வாசலிலேயே நினைவு வந்து, மறைக்க இடம் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு மாலைதான தம்பி போட்டேன்," என்றார்.

"நல்லதுக்குத்தான செஞ்சீங்க தலைவரே. உக்காருங்க," என்றார் அண்ணன். அப்புறம் ரொம்ப நேரம் அவருக்கு இவர் ஆறுதல் சொன்னார்.

கண்ணை மூடச் சொன்னார்கள்

புண் ஆறியது. அதற்குள் வேனும் வந்துவிட்டது. வெள்ளை நிறம், புது நெகிழியின் வாசனை. அண்ணன் வரும்வரை என்று சொல்லி, செயற்குழுவில் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் போனால் என்ன, பாதம் இருக்கிறதே என்று அண்ணன் தெம்பாக இருந்தார். இனிப்பின் அளவும் நன்றாக இறங்கியிருந்தது. காலையிலேயே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு லைசென்ஸ் பரிசோதனைக்குக் கிளம்பினார். நான்தான் காடி ஓட்டினேன்.

டாக்டர் மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். கால் பரிசோதனைக்கென்று முன்பே ஒரு தேதி கொடுத்திருந்தார்களே, ஏன் வரவில்லை என்று கேட்டார். "அன்னிக்கு நடைப் பயிற்சியில இருந்தேன், டாக்டர். காலு நல்லாத்தான நடக்குதுன்னு விட்டுட்டேன்," என்று அண்ணன் மலாயில் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

படுக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போல மெல்லிய ஓர் இழையைக் கையில் எடுத்து, காலில் தொடும்போது 'யா' என்று சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பரீட்சை எழுதும் பிள்ளையின் முகம். உதடு 'யா' சொல்லத் தயாராகக் கொஞ்சம் திறந்திருந்தது.

டாக்டர் குதிகாலில் தொட்டார். பாதத்தின் ஓரத்தில் தொட்டார். மீதி இருந்த விரல்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தொட்டார். இழை வளையும் வரை அழுத்தினார். அப்புறம் இடது காலுக்குப் போனார். அங்கும் எல்லா இடத்திலும் தொட்டு முடித்தார். அறையில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும்.

அண்ணன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, மெல்ல என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா, பாப்பா?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது. இழையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பல வருடங்களாகவே இனிப்பு நீரால் அந்தக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வை இழந்திருக்க வேண்டும் என்றார். இனிப்பு இறங்கியது நல்லது, ஆனால் போன உணர்வு திரும்பாது. பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்று தெரியாத காலோடு நோயாளிகளை ஏற்றிச் செல்ல எப்படி அனுமதிப்பது என்று, ரொம்பத் தன்மையாக, இரண்டு முறை சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. அண்ணன், "தெரீமா காசே, டாக்டர்," என்று நன்றி சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

திரும்பும்போது அண்ணன் என் பக்கத்து இருக்கையில், சடக்கைப் பார்த்தபடியே இருந்தார். சுங்கைப்பட்டாணியைத் தாண்டும் இடத்தில் முன்னால் போன மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். அண்ணனின் வலது காலும் காடித் தரையை ஓங்கி மிதித்தது.

காடி நின்ற பிறகு, அவர் குனிந்து, மிதித்தோமா என்று தன் காலைப் பார்த்துக்கொண்டார்.